அலிதான், ஆனால் உன் ஏழு அங்குலத்தால் இல்லை

மச்சான்,

குத்துச்சண்டையில் முகம்மது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் வெல்வான் என்ற நம் பழைய பந்தயத்தில் நீ அலி என்றாய், நான் டைசன் என்றேன். அலிதான். எழுதியாயிற்று.

இன்று ஜூன் 3, அந்த மனிசன் கண்மூடின நாள். இனியும் இழுத்தடித்தால் அழகில்லை என்று பட்டது. 1966 நவம்பர் அலியும் 1988 ஜூன் டைசனும் றிங்கில் ஏறினால், கடைசி மணிக்குப் பிறகு உயர்வது அலியின் கை. ஊர் பார்க்கத்தான் மறுத்தேன், ஆகவே ஊர் பார்க்கவே எழுதுகிறேன்.

ஆனால் நீ சொன்ன காரணம் பிழை. அன்றைக்கும் பிழை, இன்றைக்கும் பிழை.

"ஏழு அங்குலம், ஏழு அங்குலம்" என்று உயிரை எடுப்பாயே. அலியின் கைவீச்சு 78 அங்குலம், டைசனுக்கு 71. கழித்தால் ஏழுதான். அந்த அளவை எப்படி எடுக்கிறார்கள் என்று ஒருநாளாவது யோசித்தாயா? இரண்டு கையையும் அகல விரித்து, இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனிவரை, நெஞ்சையும் சேர்த்து அளப்பது. ஒரு கைக்கு என்று பார்த்தால் மூன்றரை அங்குலம். பாதி எட்டுக்கூட வராது. டோனி டக்கரும் டைரல் பிக்ஸும் ஆறடி ஐந்து அங்குலம். 1987 இல் இரண்டு பேருமே டைசனிடம் தோற்றார்கள். நீளம்தான் வெல்லுமென்றால் 2024 இல் ஆறடி ஒன்பது அங்குல ஃபியூரியை உசிக் இரண்டு தரம் வென்றது எப்படி? உசிக்கின் அளவு ஆறடி மூன்று, கைவீச்சு 78. அச்சொட்டாக அலியின் அளவு.

"டைசன் சின்னப் பொடியன்" என்பதும் பேய்க்கதை. 1988 ஜூனில் ஸ்பிங்ஸை 91 செக்கனில் விழுத்திய அன்று டைசன் 218 இறாத்தல் சொச்சம். 1966 நவம்பரில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றாம் சுற்றில் முடித்த அன்று அலி 212 சொச்சம். உயரத்தில்தான் ஐந்து அங்குலம் குறைவு, பாரத்தில் கூட.

சரி, கடற்கரைக்கு வருவோம். வராமல் முடியாது.

கல்லடியில் கரைவலை இழுத்து முடிந்த நேரம். தையல்கடை அளவு நாடா உன் கழுத்தில். நான் டைசன், நீ அலி. நான் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்: அலி ஜப், அதாவது நேரே நீட்டும் குத்து, அடித்த இடது கையை நாடிக்குத் திருப்பிக் கொண்டுவராமல் இடுப்புப் பக்கம் தொங்கவிடுவான். குத்து வந்தால் பக்கவாட்டில் ஒதுங்காமல், நாடியைத் தூக்கி நேரே பின்னால் சாய்வான். அந்த ஓட்டைக்குள் நுழைவது இடது ஹூக், பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து. 1962 இல் சொனி பேங்ஸ், 1963 இல் ஹென்றி கூப்பர், 1971 இல் பதினைந்தாம் சுற்றில் ஜோ ஃபிரேசியர், மூன்று பேரும் அவனை நிலத்தில் விழுத்தியது அதே குத்தால்தான். சொல்லிக்கொண்டே வீசினேன். நீ சாய்ந்தாய். உன் மேலுதடு பிளந்தது. வலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மன்னித்துக்கொள். வேண்டுமென்று அடிக்கவில்லை. ஒரு சாண் தள்ளி நிறுத்தத்தான் வீசினேன், ஆனால் நாடியைத் தூக்கி நின்றது நீ. அதற்குப் பிறகு நீ என் வீட்டாரை இழுத்துச் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். உன் பிள்ளைகள் இப்போது தமிழ் வாசிக்கிறார்களாம்.

இத்தனை காலமும் அந்த ஒரு குத்தையே என் கட்சிக்குச் சாட்சியாக வைத்திருந்தேன். அது சாட்சியே இல்லை என்று பிந்தித்தான் விளங்கிற்று. நீ சாய்ந்தபோது உன் கால் கணுக்கால்வரை மணலுக்குள் கிடந்தது. மேலுடம்பு மட்டும்தான் பின்னால் போனது. 1966 அலி சாயும்போது காலும் சேர்ந்து போகும். வில்லியம்ஸுடன் ஆடியதை ஒலியை நிறுத்திவிட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் பார். ஹூக் வந்து சேரும்போது அவன் இடப்பக்கமாக இரண்டு எட்டு தள்ளி நிற்பான். படையில் சேர மறுத்ததற்காக 43 மாதம் றிங்குக்கு வெளியே இருத்திவைத்த பிறகுதான் அந்தக் கால் போயிற்று. நான் அடித்தது மணலில் நின்ற 1971 அலியை. நீ வாதாடியது 1966 அலிக்காக. இதைக்கூட எடுத்துச் சொல்லத் தெரியாமல் ஏழு அங்குலத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினாய்.

டைசன் எங்கே தோற்பான் என்றும் சொல்லவா? முதல் ஐந்தாறு சுற்றில் தலையை இடமும் வலமும் அசைத்தபடி, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு குத்தோடு உள்ளே வருவான். வலது கை விலாவுக்கு, அதே கை கீழிருந்து நாடிக்கு. ஆள் விழாமல் நின்றால் பிறகு தலை நின்றுவிடும், குத்து ஒவ்வொன்றாக வரும். 1986 இல் டில்லிஸும் மிட்ச் கிறீனும் பத்துச் சுற்று நின்று காட்டினார்கள். இன்னொன்று, கட்டிப்பிடித்தால் உள்ளுக்குள் வேலை செய்யமாட்டான், மத்தியஸ்தர் வந்து பிரிக்கட்டும் என்று நிற்பான். 'போன்க்ரஷர்' ஸ்மித் 1987 இல் 12 சுற்றும் அதைச் செய்தே தப்பினான், வெல்ல நினைக்கவில்லை, அவ்வளவுதான். அலி இடது கையைப் பிடரியில் போட்டு அமுக்குவான். மத்தியஸ்தர் யார் என்பது அங்கேதான் பெரிசு. 1975 மணிலாவில் பாடிலா அந்தக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். அப்படி ஒருவர் நின்றால் எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

டோக்கியோவைக் கொண்டுவராதே. அங்கே 1990 இல் டக்ளஸிடம் விழுந்தது, பழைய பயிற்சியாளர் றூனி மூலையில் இல்லாத டைசன். கண் வீங்கினால் அமர்த்தும் குளிர் இரும்புகூட அன்று மூலையில் இல்லை, றப்பர் கையுறைக்குள் ஐஸ் தண்ணீர் நிரப்பி ஒற்றினார்கள். அந்த டைசனை வைத்து 1988 டைசனை அளப்பது, 1980 இல் ஹோம்ஸிடம் அடிவாங்கிய அலியை வைத்து 1966 அலியை அளப்பது மாதிரி.

எத்தனை சுற்று என்று முதலே பேசிக்கொள்ளாமல் வாதாடுவதும் வீண். மார்சியானோவை எடு. 49க்கு 49 வெற்றி என்பார்கள். 1952 இல் வோல்கொட்டை விழுத்திப் பட்டம் எடுத்தது பதின்மூன்றாம் சுற்றில். அதுவரை மூன்று நடுவர்களின் புள்ளியிலும் முன்னால் நின்றது வோல்கொட். இன்றைய 12 சுற்றுக் கணக்கில் அன்றிரவு பட்டம் கைமாறியிராது. 1970 இல் ஒரு படத்தில் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு அலியை மார்சியானோவிடம் தோற்கடித்ததே, அதுவும் பதின்மூன்றில்தான். படத்துக்கு இரண்டு பேரும் மாறிமாறி நடித்துக் கொடுத்ததை இன்னும் சிலர் சண்டை என்று நம்புகிறார்கள். அவர்களோடு கதைக்கத் தேவையில்லை. உன்னோடு மட்டும்தான் இதைக் கதைக்கலாம். அதுதான் எரிச்சல்.

என் கணக்கு இது. பத்து அவுன்ஸ் கையுறை, 20 அடி றிங், 12 சுற்று. மூன்றாம் சுற்றில் அலி ஒரு தரம் விழுவான், இடது ஹூக்தான், எழும்புவான். முதல் ஆறில் நாலு டைசனுக்கு. பின் ஆறும் அலிக்கு. புள்ளியில் அலி. எட்டாம் சுற்றோடு நிறுத்தினால் டைசன். அதில் ஓர் அங்குலமும் விட்டுத்தரமாட்டேன்.

பந்தயம் இரண்டு சட்டி எருமைத் தயிர். ஒன்றை நேற்றுப் பின்னேரம் உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை, சட்டியை வாங்கிக்கொண்டு இருக்கச் சொன்னா. மற்றச் சட்டி, ஏழு அங்குலம் பிழை என்று நீ எழுதி அனுப்பின பிறகு.