பையை மாற்றக் கற்றுக்கொடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய அறுவை சிகிச்சைத் துறைத் தலைவர்களுக்கும் வார்டு சிஸ்டர்களுக்கும்,

வணக்கம். என் அம்மாவுக்கு மலக்குடலில் புற்றுநோய். கட்டியை எடுத்துவிட்டு, உள்தையல் ஆறும்வரை சிறுகுடலை வயிற்றின் வலப்பக்கம் வெளியே கொண்டுவந்து, மலம் சேர ஒரு பை வைத்தார்கள். அறுவை சிகிச்சையில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். டிஸ்சார்ஜ் அன்று கையில் கிடைத்தது மாத்திரைச் சீட்டும் நான்கு பைகளும். மாற்றுவது எப்படி என்று கேட்டேன். "போகப் போகப் பழகிடும்" என்றார்கள்.

பழகுவதற்குள் தோல் போய்விட்டது.

பத்தே நாளில் ஸ்டோமாவை, அதாவது குடல் வெளியே தெரியும் அந்த வாயைச் சுற்றி வெந்நீர் கொட்டியதுபோல் சிவந்து நீர் கசிந்தது. பையைப் பிடித்துக்கொள்ளத் தோலில் ஒட்டும் பிளேட், கசியும் தோலில் ஒட்டாது. ஒட்டாவிட்டால் ஒழுகும், ஒழுகினால் இன்னும் வேகும். நான் வேறு, சீழ் பிடித்துவிடுமோ என்று டெட்டாலால் துடைத்தேன்; எரிகிறது என்றதும் தேங்காய் எண்ணெய் தடவினேன். எண்ணெய்ப் பசையில் பிளேட் நிற்காது என்பது நள்ளிரவில் அம்மா புடவை நனைந்து எழுந்தபோதுதான் உறைத்தது.

பிறகு ஸ்டோமா பராமரிப்பில் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் விளக்கினார். சிறுகுடலிலிருந்து வருவதில் புரதத்தைச் செரிக்கும் நொதிகள் இருக்கின்றன. தோலும் அவற்றுக்குப் புரதம்தான். குடல் நசுங்கிவிடுமோ என்ற பயத்தில் பிளேட்டின் ஓட்டையை நான் தாராளமாக வெட்டியிருந்தேன். அந்த இடைவெளியில் தெரிந்த தோல்தான் வெந்தது. 2, 3 மில்லிமீட்டர் விட்டால் போதுமாம். வீக்கம் வடிய வடிய ஸ்டோமா முதல் 6 முதல் 8 வாரம்வரை சுருங்கிக்கொண்டே வரும், வாராவாரம் அளந்து வெட்ட வேண்டும் என்றார். நாங்களோ முதல் நாள் அளவிலேயே வெட்டிக்கொண்டிருந்தோம்.

வெதுவெதுப்பான தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். தேய்க்காமல் ஒற்றி உலர்த்த வேண்டும். ஸ்டோமா பவுடரைக் கசியும் இடத்தில் மட்டும் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட வேண்டும். பை முழுக்க நிரம்பக் காத்திருந்தால் கனம் பிளேட்டை இழுத்துவிடும். மூன்றில் ஒரு பங்கு சேர்ந்ததுமே காலி செய்யலாம். பிளேட்டுக்கு அடியில் அரித்தால், மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்க்காமல் கழற்றிவிட வேண்டும். துடைக்கையில் ஸ்டோமாவில் துளி ரத்தம் எட்டிப்பார்ப்பது சகஜம். இதை முன்பே சொல்லியிருந்தால் அம்மா அன்று அப்படி அலறியிருக்க மாட்டார்.

இன்னொன்று. அம்மாவின் ஸ்டோமா சரியாகப் பாவாடை நாடா கட்டும் இடத்தில் இருக்கிறது. அறுவைக்கு முந்தின நாளே அவரை உட்காரவைத்து, நிற்கவைத்து, குனியவைத்து, மடிப்பு விழாத இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்திருக்கலாம். அவசர அறுவையில் அதற்கு நேரம் இருக்காதுதான். அம்மாவுடையது தேதி குறித்துச் செய்தது.

நான் கேட்பது இதுதான்: டிஸ்சார்ஜுக்கு முன், நோயாளியோ வீட்டிலிருந்து ஒருவரோ, சிஸ்டர் பக்கத்தில் நின்று பார்க்க, இரண்டு முறையாவது தம் கையால் பையை மாற்றியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் சம்மரியில் கையெழுத்து.

ஆள் பற்றாக்குறை என்பீர்கள். வார்டில் நானும் பார்த்தேன், உண்மைதான். ஆனால் 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல் இந்த வேலைக்கென்று சேர்த்துக்கொண்ட நார்மா கில், டாக்டரும் அல்ல, நர்ஸும் அல்ல. வயிற்றில் பை வைத்திருந்த ஒரு நோயாளி. அப்படிப்பட்டவர்கள் உங்கள் ரிவ்யூ வரிசையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்த புதன்கிழமை நாங்களும் வருகிறோம். வார்டில் யாருக்காவது செய்துகாட்ட வேண்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னார். அளவு அட்டையையும் கத்தரிக்கோலையும் இப்போதே எடுத்துவைத்துவிட்டார்.

இப்படிக்கு,
பை வைத்த ஓர் அம்மாவின் மகள்