செயலாளர் ஆண்டறிக்கை 2025-26: பர்வ நாட்களில் விட்டதும் விடாததும்

ஜெய் ஜினேந்திரா.

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஜினாலய உபாத்தியாயர் ஐயா அவர்களே, தாய்மார்களே, சிராவக சிராவகியரே,

2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான நம் சமணச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு ஏழு முறை கூடியது. இரண்டு கூட்டங்கள் கோரம், அதாவது குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சேராமல் தள்ளிப்போயின. ஒன்று அறுவடை நேரம், குறை சொல்ல முடியாது. இன்னொன்று கிரிக்கெட் மேட்ச் இருந்த ஞாயிறு. ஏப்ரல் 10 மகாவீர் ஜெயந்தி, பொன்னூர் மலை யாத்திரை, மகாவீரர் முக்தியடைந்ததை நினைந்து தீபாவளியை ஒட்டிச் செய்யும் நிர்வாண பூசை எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். என் அறிக்கையில் பெரும்பகுதி ஆகஸ்ட் 28 முதல் செப்டம்பர் 6 வரை நடந்த தசலட்சண பர்வத்தை, நாளுக்கோர் அறமாகப் பத்து நாள் நோற்கும் நோன்பை, பற்றியது. இந்த ஆண்டு நாம் உருப்படியாக முயன்ற ஒரே காரியம் அதுதான் என்பது என் எண்ணம்.

அதற்குக் காரணம் முந்தைய ஆண்டுப் பாரணை, அதாவது நோன்பு முடித்து உண்ணும் பந்தி. பத்து நாள் முடிந்த மறுநாள் காலை, ஆலயத்தின் பின்வாசலில் குப்பை இடுப்பளவு கிடந்தது. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் தட்டுகள், பாதி குடித்துப் போட்ட தண்ணீர் பாட்டில்கள், நைலான் நூலில் கட்டிய மாலைகள், மடங்கிக் கிடந்த ஃப்ளெக்ஸ். குப்பை அள்ள வந்த அம்மா சாக்கைப் பிரித்துக்கொண்டே கேட்டார்: “பத்து நாளா யாரும் சாப்பிடலன்னு சொன்னாங்களே சார், இம்மாங் குப்ப எப்டி வந்துச்சு?” கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அந்தத் தட்டுகள் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. அவற்றை வாங்க ஒப்புதல் கொடுத்தவனும், ஃப்ளெக்ஸுக்கு ஆர்டர் கொடுத்தவனும் நானேதான். பதிவுக்காகச் சொல்கிறேன்.

ஆகவே இந்த முறை ஆடி மாத ஞாயிறுகளில், இல்லறத்தார் ஒழுக்கம் சொல்லும் சமண நூலான அருங்கலச்செப்பை எடுத்துவைத்துப் படித்தோம். குறள் வெண்பாக்கள், சின்னச் சின்னதாக, குழந்தைகளுக்குக்கூட வாயில் நிற்கும். அணுவிரதம் எனும் சிறு நோன்புகள் ஐந்து என்று எல்லாருக்கும் தெரியும். அவற்றுக்குத் துணையான குணவிரதம் மூன்றைக் கேட்டால்தான் முழிக்கிறோம். திசைக்கு எல்லை வகுப்பது ஒன்று, வீணான தீங்கை விடும் அனர்த்த தண்ட விரதம் ஒன்று, போகோபபோக பரிமாணம் ஒன்று. ஒருமுறை நுகர்ந்தால் தீர்ந்துபோவது போகம்: சோறு, பூ, சந்தனம். திரும்பத் திரும்ப நுகர்வது உபபோகம்: துணி, கட்டில், வண்டி. இவற்றுக்குத் தானே ஓர் அளவு வைத்துக்கொள்வதுதான் பரிமாணம். ஆயுளுக்கும் வைத்தால் இயமம். ஒரு நாள், ஒரு பட்சம், ஒரு மாதம் என்று கெடு வைத்தால் நியமம். நம்மால் ஆனது நியமம்.

நோன்பு எடுப்பவர்களுக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்தோம். இடப்பக்கம் போகம், வலப்பக்கம் உபபோகம். பத்து நாளைக்கு எதை விடுகிறீர்கள், எதற்கு அளவு வைக்கிறீர்கள் என்று அவரவரே எழுத வேண்டும். யாருக்கும் காட்ட வேண்டாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் பலர் காட்டினார்கள். ஒருவர் ஸ்கூட்டரை விட்டு நடந்தே ஆலயம் வருவதாக எழுதியிருந்தார். ஒரு தாயார் நகையையும் பூவையும் விட்டார். உபவாச நாளில் அலங்காரம், மணப்பொருள், பூ, மை இவற்றை விடச் சொல்லி நூலிலேயே இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் பையன் ‘ரீல்ஸ்’ என்று எழுதிவிட்டு, இது போகமா உபபோகமா என்று கேட்டான். ஒருமுறை பார்த்தால் தீர்ந்தது என்று ஒரு கட்சி, திரும்பத் திரும்பப் பார்க்கிறார்களே என்று இன்னொரு கட்சி. உபாத்தியாயர் ஐயா, இரண்டும் இல்லை, அது அனர்த்த தண்டத்தில் வரும் துச்சுருதி, கெட்டதைக் கேட்டுக்கொண்டிருப்பது என்று தீர்ப்புச் சொன்னார். பையன் அழித்துவிட்டு மறுபடி எழுதினான்.

ஏதோ ஒரு நோன்பு எடுத்தவர்கள் மொத்தம் 43 பேர். பத்து நாளும் உபவாசம் இருந்தவர்கள் ஆறு பேர். ஒருவேளை மட்டும் உண்டவர்கள் பதினொரு பேர். மற்றவர்கள் பஞ்சமி, அட்டமி, சதுர்த்தசி நாட்களில் இருந்தார்கள். மூன்று பேர் முறைப்படி, உபவாசத்துக்கு முன்னாளும் மறுநாளும் ஒருவேளை உண்டு, நடுநாளில் உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன நான்கையும் விட்டார்கள். சங்க உறுப்பினர்களில் நான்கில் ஒருவர்கூட இதில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நம் ஆயாக்கள் காலத்தில் கிணற்று நீரை இரண்டாக மடித்த துணியில் வடிகட்டி, துணியில் தங்கிய உயிர்களை அதே கிணற்று நீரில் அலசி விடுவார்கள். வடிகட்டுவதில் பாதி வேலைதான் நமக்காக, மீதிப் பாதி அந்த உயிர்களுக்காக. இன்று வீட்டில் ஆர்.ஓ. மெஷின், ஆலயத்தில் கேன் தண்ணீர். மெஷின் சுத்தம் செய்து தருவதைவிடக் கழித்து வெளியே விடுவது பெரும்பாலும் அதிகம். மூன்றாம் நாள் காலை, கைகால் கழுவும் குழாயில் ஒருவர் போனில் பேசிக்கொண்டே தண்ணீரைத் திறந்து விட்டிருந்தார். தெருக்கோடி ஆயா, அவருக்கு எண்பதுக்கு மேல் இருக்கும், குச்சியை ஊன்றி வந்து குழாயை மூடினார். “வாய மூடிக்கினு கொழாயத் தொறந்து உட்டா அது என்னாடா ஒபாசம்?” என்றார். வேலையில்லாமல் மண்ணைத் தோண்டுவது, தண்ணீரைக் கொட்டுவது, நெருப்பை எரிப்பது, செடியைக் கிள்ளுவது எல்லாம் பிரமாத சரியை, அசட்டையால் செய்யும் வீண் தீங்கு, என்று நான்கு ஞாயிறு படித்தோம். ஆயா ஒரு ஞாயிறும் வரவில்லை.

அன்று மாலையே முடிவு செய்து, நான்காம் நாள் முதல் ஆலயக் கிணற்று நீரைத் துணியில் வடிகட்டிக் காய்ச்சி வைத்தோம். துணியை இறுகப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். முதல் நாள் பாதிக்கு மேல் எங்கள் வேட்டியில்தான் வடிந்தது. ஆலய ஆர்.ஓ. கழிவு நீர் இப்போது டிரம்மில் விழுகிறது. மண்டபம் துடைக்க அதுதான்.

நான்காம் நாள் ஓர் இளைஞர் மண்டபத்தில் மயங்கி விழுந்தார். அருகிலிருந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். சலைன் ஏற்றி மாலையில் அனுப்பிவிட்டார்கள். இதில் தவறு சங்கத்துடையது. அவர் ஒருவேளை உண்பதாகத்தான் ஆரம்பித்தார். இரண்டாம் நாள் யாரோ “நீ எத்தனை?” என்று உபவாச நாள் கணக்கைக் கேட்க, உபவாசத்துக்கு மாறிவிட்டார். இரண்டாம் நாள் உத்தம மார்தவம், செருக்கை விடும் நாள்! நம் ஊரில் நோன்பு நாட்களில் குசலம் விசாரிப்பதே ‘எத்தனை’ என்றுதான். சர்க்கரை நோய், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் ஏற்க வேண்டாம் என்று அடுத்த ஆண்டு தாளின் தலையிலேயே அச்சிடுகிறோம். முன்னேற்பாடாக மருத்துவர் ஒருவரைப் பேச அழைக்கச் சொல்லி மகளிர் அணி ஜூலையிலேயே எழுதிக் கொடுத்திருந்தது. அந்தக் கடிதம் என் ஃபைலில் இருந்தது.

ஃப்ளெக்ஸ் இந்த ஆண்டு இல்லை. இரண்டு குடும்பத்தார் தங்கள் செலவில் வைக்க அனுமதி கேட்டார்கள், மறுத்தோம், ஒரு குடும்பம் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பொன்னாடையும் இல்லை. ஒன்பதாம் நாள், எனது என்று ஒன்றுமில்லை எனும் ஆகிஞ்சன்யத்தன்று, மகளிர் அணி வீட்டுக்கு வீடு பீரோவைத் திறந்து எண்ணச் சொன்னது. தன் வீட்டில் 112 புடவை இருந்ததாக ஒரு சகோதரி மைக்கிலேயே சொன்னார். ஐம்பதில் நிறுத்துவதாகச் சொல்லி மீதியைக் கொடுத்தும் விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் தன் சட்டைக் கணக்கைச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

புடவைப் பேச்சு பட்டில் போய் நின்றது. கூட்டுப்புழுவைக் கூட்டோடு வெந்நீரில் போட்டுத்தான் நூல் எடுக்கிறார்கள், அதை உடுத்திக்கொண்டு அபிஷேகத்துக்கு நிற்கலாமா என்று கேள்வி. ஆரணியும் காஞ்சிபுரமும் நமக்குப் பக்கம். நம்மில் சில குடும்பங்களுக்குத் தறியும் ஜவுளியும்தான் சோறு போடுகின்றன. செப்டம்பர் செயற்குழுவில் இரண்டு மணி நேரம் பேசியும் தீரவில்லை. பர்வ நாட்களில் பருத்தி உடுத்துவது விரும்பத்தக்கது என்று ஒரு வரி மட்டும் தீர்மானமானது. எனக்கு அந்த வரி போதவில்லை. ஆனால் தறி வீட்டுப் பெரியவர் எழுந்து, “உழவிலும் உயிர் போகுது. ஏர் ஓட்டறத விடச் சொல்வீங்களா?” என்று கேட்டபோது, நான்கு ஏக்கர் வைத்திருக்கும் நான் உட்கார்ந்துவிட்டேன். உழவு தொழிலில் தவிர்க்க முடியாத இம்சை, பட்டு உடுப்பது அப்படியில்லை என்று வீட்டுக்குப் போன பிறகுதான் பதில் தோன்றியது. அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன்.

அபிஷேகப் பாலின் அளவை உபாத்தியாயர் ஐயா தாமாகவே ஒரு சொம்பாகக் குறைத்தார். அதற்குச் சங்கத்தின் நன்றி.

பாரணை செப்டம்பர் 7 காலை. பதினாலு வகை விருந்துக்குப் பதில் பயத்தங்கஞ்சி, இட்லி, வாழைப்பழம். வெளிச்சம் வந்த பிறகே அடுப்புப் பற்றவைத்தோம். அதனால் பந்தி முக்கால் மணி நேரம் தாமதம், பத்து நாள் பொறுத்தவர்கள் அந்த முக்கால் மணி நேரத்தைப் பொறுக்கவில்லை. வாழை இலை, எவர்சில்வர் டம்ளர். இலைகள் மாட்டுக்குப் போயின. குப்பை வண்டிக்குப் போனது இரண்டு சாக்கு. முந்தைய ஆண்டு யாரும் அளந்து வைக்கவில்லை, ஆகவே எவ்வளவு குறைந்தது என்று சொல்லும் யோக்கியதை நமக்கு இல்லை. இனி ஆண்டுதோறும் எடை போட்டுப் பதிவேட்டில் எழுதத் தீர்மானித்திருக்கிறோம்.

தாள்கள் பிறகு என்ன ஆயின என்று மார்கழியில் விசாரித்தேன். ஸ்கூட்டர்காரர் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நடக்கிறார். ஐந்து வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிடும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இருட்டில் விளக்கை நாடிவரும் பூச்சி சோற்றில் விழக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம், பிள்ளைகள் சீக்கிரம் தூங்குகிறார்கள் என்பதற்காக நிலைத்திருக்கிறது. கல்யாண ரிசப்ஷன் வந்தால் அந்த ஐந்து வீடும் தடுமாறுகிறது. மற்றத் தாள்களைப் பற்றி எனக்குத் தகவல் இல்லை.

கடைசியாக ஒன்று. வாங்கிய 150 டம்ளர்களில் 139 தான் அலமாரியில் இருக்கின்றன. அடியில் சங்கத்தின் பெயர் வெட்டியிருக்கும். வீட்டில் இருந்தால் யாரும் பார்க்காத நேரத்தில்கூட ஆலயத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
செயலாளர்