ரயிலில் வா

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள கண்ணா,

நாங்கள் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மூன்று வாரமாக உன் குரலைக் கேட்கவில்லை. வேலை அதிகம் என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ராத்திரியில் காரை எடுக்காதே.

உன் அலமாரியைத் துடைக்கும்போது ஜாஸ் டிரம்ஸ்காரர் பால் மோட்டியனின் 'ஆன் பிராட்வே' இசைத்தட்டு, முதல் தொகுதி, கிடைத்தது. நீ கேள் கேள் என்றபோது கேட்காததை இப்போது தினமும் போடுகிறேன். 1988இல் நியூயார்க்கில் பதிந்ததாம். கெர்ஷ்வின், கோல் போர்ட்டர், ஜெரோம் கெர்ன் என்ற பழைய இசையமைப்பாளர்கள் காலத்துப் பாட்டுகள். பியானோவே இல்லை. ஜோ லொவானோவின் சாக்ஸபோனும் பில் ஃபிரிசெலின் கிட்டாரும் மெட்டைப் பார்த்துக்கொள்கின்றன. டிரம்ஸ்காரர்தான் குழுவுக்குத் தலைவர். ஆனால் கணக்கை ஓங்கி அடித்துக் காட்டுவதில்லை. சிம்பலில் ஒரு தட்டு, பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு, பிறகு சும்மா விட்டுவிடுகிறார். தப்பு விட்டுவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். தாளச் சொல்லை வாசித்துவிடலாம், நடுவே சும்மா விடும் கார்வையில் பொறுத்திருப்பதுதான் கஷ்டம் என்று தாத்தா சொல்வாரே, அதுதான் இது. நீயும் அப்படித்தான் வாசிப்பாய். போன வருஷம் நீ வாசித்தபோது கடைசி வரிசையில் நானும் இருந்தேன். அப்பா சொல்லியிருக்க மாட்டார்.

1961 ஜூன் 25, ஞாயிறு. நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் ஜாஸ் கிளப்பில் பில் எவன்ஸ் பியானோவும், ஸ்காட் லஃபாரோ பாஸும், மோட்டியன் டிரம்ஸும் வாசித்தார்கள். அதிலிருந்து பதினோராம் நாள் லஃபாரோ கார் விபத்தில் போய்விட்டான். வயது 25. எவன்ஸ் மாதக்கணக்கில் மேடைப் பக்கம் போகவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ராத்திரியில் காரை எடுக்காதே என்பதற்குத்தான்.

'ஆன் பிராட்வே'யில் பாஸ் வாசிப்பவர் சார்லி ஹேடன். 1960இல் சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மனுக்காக லஃபாரோவின் கூடவே வாசித்தவர். இந்தத் தட்டைப் பதிந்தபோது மோட்டியனுக்கு 57 வயது. அந்த ஞாயிறு கழிந்து 27 வருஷம். உனக்கு நான் 27 நாள்கூடக் கொடுக்கவில்லை, கண்ணா.

கார் விபத்தில் போன உன் சிநேகிதனை எடுத்துப்போன அன்றைக்கு, அவன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "இனியாவது ஒரு வேலையைப் பார்" என்று உன்னிடம் சொன்னேன். நீயும் அந்தக் காரில் ஏறியிருப்பாயே என்ற நடுக்கம். இருந்தாலும் சொன்னது நான்தான். அவனைப் பற்றி உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் புளியோதரையை எத்தனை தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்!

கராஜில் குளிர் தாங்காது என்று அப்பா உன் டிரம்ஸை மேலே தூக்கி வந்து வைத்திருக்கிறார். வாசிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா.

ரயிலில் வா.

அம்மா