ஆர்டர் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடு

அன்புள்ள கேப்டனுக்கு,

நலம். அங்கும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். உன் கடிதம் வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன என்பதும், கணினியில் விமானம் ஓட்டும் ஃபிளைட் சிமுலேட்டர் தடங்கலின்றி ஓட, திரைக்குப் படம் வரையும் கிராஃபிக்ஸ் கார்டு எதை வாங்கலாம் என்ற ஒரே ஒரு கேள்வியைத்தான் நீ அதில் கேட்டிருந்தாய் என்பதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலைப்பளு என்று பொய் சொல்லலாம். ஆனால் அதே கேள்வியை நானும் கேட்டு, தவறான விடையைக் கண்டுபிடித்து, கையிலிருந்த பணத்தையெல்லாம் அதில் இறக்கிவிட்டு, வெட்கத்தில் வாய் திறக்காமல் இருந்தேன் என்பதே உண்மை. இந்த வார இறுதியில் நீ பாகங்களுக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறாய் என்று நேற்று உன் மகள் தொலைபேசியில் சொன்னாள். இனியும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால் நீயும் அதே குழியில் விழுவாய் என்பதால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 2024 நவம்பரில் புதிய மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வெளிவந்ததும், என் ஆறு வயதுக் கணினியில் அதை ஏற்றினேன், அது இருமியது. நம் கணக்குப்பிள்ளையைக் கேட்டேன். "கடையில் இருப்பதிலேயே பெரிய கார்டை வாங்கு, மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்" என்றார். அவர் பேச்சைக் கேட்டு நாம் இருவரும் எத்தனை முறை கையைச் சுட்டுக்கொண்டோம் என்பதை நீ நினைவூட்ட வேண்டாம். கார்டு வந்தது, அதன் நீளத்துக்குக் கேபினட்டின் பக்கக் கதவு மூடவில்லை. அப்படியே திறந்து வைத்துக்கொண்டு அன்று மாலையே புறப்பட்டேன். 36,000 அடி உயரத்தில் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. மகிழ்ச்சியில் உனக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்றுகூட நினைத்தேன். நியூயார்க் ஜே.எஃப்.கே. விமான நிலையத்தை நெருங்கி, 500 அடிக்குக் கீழே இறங்கி, மூக்கைத் தூக்க வேண்டிய நேரத்தில் படம் விக்கியது. ஒரு விக்கல், இன்னொரு விக்கல், அதன்பின் ஓடுபாதை எனக்குப் பின்னால் இருந்தது. மாடு நின்ற கதையை இங்கே இழுக்காதே. இந்த முறை மாடு ஏதும் இல்லை.

இந்த விக்கலின் குணமே அதுதான். வானத்தில் எதுவும் இல்லாத இடத்தில் அது வராது. கட்டடங்கள், நிறுத்தியிருக்கும் விமானங்கள், தரை வண்டிகள், நகரின் தெருக்கள் எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்து, நம் கைக்கு மிகுந்த நிதானம் தேவைப்படும் கடைசி நிமிடத்தில்தான் வரும். ஆகவே "எனக்குச் சராசரியாக 60 பிரேம் வருகிறது" என்று யாராவது பெருமைப்பட்டால் நம்பாதே. பிரேம் என்பது திரையில் வரையப்படும் ஒரு படம்; நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒவ்வொரு பிரேமுக்கும் 16.7 மில்லி நொடி. அவற்றுள் ஒரே ஒரு பிரேம் 120 மில்லி நொடி எடுத்துக்கொண்டால் சராசரி அதிகம் குறையாது. ஆனால் கண் அதைப் பிடித்துவிடும். ஒரே சீராக 33.3 மில்லி நொடிக்கு ஒன்றாக வரும் 30 பிரேம், ஏறி இறங்கும் 60-ஐவிட எனக்குப் பல மடங்கு மேலாகத் தோன்றுகிறது.

காரணத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரங்கள் ஆயின. சிமுலேட்டரின் டெவலப்பர் மோடில் பிரேம் கணக்கைக் காட்டும் ஒரு சிறு பெட்டி இருக்கிறது. எது தடுக்கிறது என்பதையும் அது சொல்லும். ஜே.எஃப்.கே.யை நெருங்கும்போதெல்லாம் அது "மெயின் த்ரெட்" என்றது, அதாவது கணினியின் மூளையான பிராசஸரில் ஓடும் முதன்மை வேலைத் தொடர். என் புத்தம்புதிய கார்டு அப்போது 55 சதவீதம்தான் வேலை செய்துகொண்டிருந்தது. மீதி நேரம் கை கட்டிக்கொண்டு காத்திருந்தது. திரையின் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்தேன். பிரேம் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறவில்லை. கார்டின் சுமையைக் குறைத்தும் வேகம் கூடவில்லை என்றால் குற்றவாளி கார்டு இல்லை. ஆர்டர் கொடுக்கும் முன் உன் பழைய கணினியிலும் இந்தச் சோதனையைச் செய்து பார். ஐந்து நிமிட வேலை.

இங்கே உனக்கு ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 20 சதவீதம்தான் காட்டுகிறதே, பிறகு எப்படி அது தடையாகும்? கட்டட வேலையை நினைத்துக்கொள். கொத்தனார்கள் பதினாறு பேர் இருக்கலாம். ஆனால் எந்தச் சுவர் எங்கே என்று சொல்ல வேண்டிய மேஸ்திரி ஒருவர்தான், அவர்தான் மெயின் த்ரெட். விமானத்தின் இயக்கம், காக்பிட் திரைகள், சுற்றிப் பறக்கும் மற்ற விமானங்கள், அடுத்து வரைய வேண்டியவற்றின் பட்டியல் என எல்லாம் கடைசியில் அவர் கையெழுத்துக்கு வந்து நிற்கின்றன. பதினாறு த்ரெட் உள்ள பிராசஸரில் அந்த ஒன்று மூச்சுத் திணறினாலும் மொத்தக் கணக்கில் அது 6.25 சதவீதம் மட்டுமே. மற்ற பதினைந்தும் ஓரளவு சும்மா இருப்பதால் சராசரி நம்மை ஏமாற்றுகிறது. இது புதிய நோயும் இல்லை. 2006-இல் நீயும் நானும் நெட்டையனும் ஒரே நாற்காலிக்குச் சண்டை போட்டு ஓட்டிய ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ், பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பல கோர்களைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டதே 2007-இல் வந்த சர்வீஸ் பேக்கில்தான். இன்றைய பதிப்பில் வேலை எவ்வளவோ பகிரப்பட்டிருக்கிறது. ஆயினும் மேஸ்திரியின் பதவி ஒழியவில்லை. எக்ஸ்-பிளேன் 12 என்ற வேறு சிமுலேட்டர் பக்கம் நீ சாய்ந்தாலும் இதே கதைதான்.

ஆகவே பணத்தை முதலில் மேஸ்திரிக்குச் செலவிடு. கோர்களின் எண்ணிக்கையைக் காட்டி விற்பவரிடம் ஏமாறாதே. ஒரு த்ரெட் எவ்வளவு விரைவாக ஓடும், அதன் கைக்கெட்டும் தூரத்தில் எவ்வளவு கேஷ் நினைவகம் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, அதிவேக நினைவகம்) இருக்கிறது என்ற இரண்டையும் மட்டும் கேள். சிமுலேட்டர் சிதறிக் கிடக்கும் ஏராளமான சிறு தகவல்களை ஓயாமல் தேடிக்கொண்டிருக்கும் மென்பொருள். தேடியது கேஷிலேயே கிடைத்தால் வேலை உடனே நடக்கும். கிடைக்காவிட்டால் ரேம் வரை போய் எடுத்து வர வேண்டும், அது பல மடங்கு நேரம். 2022 ஏப்ரலில் வந்த ஏ.எம்.டி.யின் ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசஸர் இதை அழகாக நிரூபித்தது. சாதாரண 5800எக்ஸின் உச்ச வேகம் 4.7 கிகாஹெர்ட்ஸ், இதற்கு 4.5தான், ஆனால் அதற்கு 32 எம்.பி. மூன்றாம் நிலை கேஷ் இருந்த இடத்தில் இதற்கு 96 எம்.பி. இருந்தது. வேகம் குறைந்த தம்பி சிமுலேட்டரில் அண்ணனைத் தாண்டிப் போனான். நான் இப்போது வைத்திருப்பது 2024 இறுதியில் வந்த 9800எக்ஸ்3டி. எட்டு கோர், அதே 96 எம்.பி. ஜே.எஃப்.கே. விக்கல் முக்கால்வாசி நின்றது. கார்டை மாற்றாமல் நின்றது என்பதைக் கவனி. பதினாறு கோர் கொண்ட 9950எக்ஸ்3டி மீது உனக்கு ஆசை வரும், உன்னை எனக்குத் தெரியாதா? அதில் கூடுதல் கேஷ் பாதிக் கோர்களுக்கு அருகில்தான் இருக்கிறது. வீடியோ எடிட்டிங் போன்ற வேலை இல்லாவிட்டால் மீதிப் பாதி உனக்கு அலங்காரம். உன் பழைய மதர்போர்டு ஏ.எம்.4 வகை (ஏ.எம்.டி.யின் முந்தைய தலைமுறைப் பிராசஸர்களுக்கானது) என்றால், அதன் அடிப்படை மென்பொருளான பயோஸைப் புதுப்பித்துவிட்டுப் பிராசஸரை மட்டும் 5800எக்ஸ்3டி போன்ற ஒன்றாக மாற்றித் தப்பிக்கவும் வழி உண்டு.

அதற்காக கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதன் தேவையைத் தீர்மானிப்பது உன் மானிட்டர். 4கே திரையில் ஒவ்வொரு பிரேமுக்கும் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் 37 லட்சம். நம் வயதுக் கண்களுக்கு 27 அங்குல 1440பி தாராளம் என்பது என் தீர்மானம். நீ சண்டைக்கு வரலாம். ஆனால் கார்டின் சொந்த நினைவகத்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதே. 8 ஜி.பி. கார்டில், பெரிய விமான நிலையமும் நுணுக்கமான ஏர்லைனரும் சேர்ந்தால் அது நிரம்பி வழியும். வழிந்தது கணினியின் ரேமுக்குப் போய்த் திரும்பி வரும்போது வரும் விக்கல் மெயின் த்ரெட் விக்கலைவிடக் கொடியது. 12 ஜி.பி.க்குக் கீழே போகாதே, 16 இருந்தால் நிம்மதி. ஃபிரேம் ஜெனரேஷன் என்ற வித்தையும் இருக்கிறது: இரண்டு உண்மையான பிரேம்களுக்கு நடுவே கார்டே ஒன்றை உருவாக்கிச் செருகும். மேஸ்திரியைத் தொந்தரவு செய்யாமல் படம் சீராகத் தெரிவதால் சிமுலேட்டருக்கு இது நல்ல துணை. ஆனால் அடித்தளமாக 35, 40 பிரேமாவது இல்லாவிட்டால் ஸ்டிக்கை அசைப்பதற்கும் மூக்கு அசைவதற்கும் இடையே ஓர் இழுவை தெரியும்.

ரேம் 32 ஜி.பி. போதும்; 64 என்பது ஆடம்பரம். நான்கு குச்சியாக வாங்காமல் இரண்டாக வாங்கு, டி.டி.ஆர்.5-இல் நான்கு போட்டால் வேகம் குறையும். 6000 என்று அட்டையில் எழுதியிருப்பதால் அந்த வேகத்தில் ஓடும் என்று நினைக்காதே. பயோஸில் எக்ஸ்போ என்ற ரேம் வேக அமைப்பை நாமே இயக்க வேண்டும். என் புதுக் கணினி முதல் பத்து நாட்கள் 4800-இல் ஓடியதைக் கவனிக்காமல், கடைக்காரரை மனத்துக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். எஸ்.எஸ்.டி. எதுவாக இருந்தாலும் சரி, என்.வி.எம்.இ. என்ற வேகமான வகையாக இருக்கட்டும், அது காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும், பிரேமைக் கூட்டாது. பவர் சப்ளையில் மட்டும் யானை வாங்கி அங்குசத்துக்குப் பேரம் பேசாதே.

மானிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது வேரியபிள் ரெஃப்ரெஷ் (பிரேம் வரும் வேகத்துக்கேற்பத் திரை தன்னை மாற்றிக்கொள்வது) வசதி இருக்கிறதா என்று பார். அது இல்லாத 60 ஹெர்ட்ஸ் திரையில் 40 பிரேம் ஓட்டினால், ஒரு படம் 16.7 மில்லி நொடியும் அடுத்தது 33.3-உம் நின்று மாறி மாறி நொண்டும். அதைவிட 30-இல் பூட்டிவிடுவது நல்லது. 120 ஹெர்ட்ஸ் திரையில் 40 சரியாக மூன்றுக்கு ஒன்றாகப் பொருந்திவிடும். அமைப்புகளில் முதலில் குறைக்க வேண்டியவை நிலக்காட்சி எவ்வளவு தூரம் நுணுக்கமாகத் தெரிய வேண்டும் என்பதைக் குறிக்கும் டெரெய்ன் எல்.ஓ.டி.யும் மற்ற விமானப் போக்குவரத்தும்; இரண்டும் மேஸ்திரியின் தலையில் ஏறும் சுமைகள். நான் எல்.ஓ.டி.யை 400-லிருந்து 200-க்கு இறக்கினேன், தரையிறங்கும்போது எந்த வேறுபாடும் தெரியவில்லை. மேகங்கள் கார்டின் பாடு. அவற்றை அழகாகவே விட்டுவை.

ஒன்றைச் சொல்ல வேண்டும், கேலி செய்யாதே. இந்த மூன்று மாதங்களில் நான் ஒரு பயணத்தைக்கூட முழுதாக ஓட்டவில்லை. ஜே.எஃப்.கே.யின் கடைசி நான்கு மைல்களை நூறு தடவையாவது ஓட்டியிருப்பேன், கண் ஓடுபாதையில் இல்லாமல் மூலையிலிருந்த பிரேம் எண்ணில் இருந்தது. சென்ற வாரம் நெட்டையனின் தம்பி, வீட்டைக் காலி செய்தபோது கிடைத்ததென்று ஒரு பெட்டி அனுப்பினான். உள்ளே அவனுடைய பழைய ஜாய்ஸ்டிக்கும் பயணக் குறிப்பேடும். நொடிக்கு 14 பிரேம் தாண்டாத அந்த டப்பாவில் அவன் 611 தரையிறக்கங்களை எழுதி வைத்திருக்கிறான், ஒவ்வொன்றுக்கும் காற்றின் திசையோடு. ஓரிடத்தில் "கேப்டன் தூங்கிவிட்டார், துணை விமானி தின்றுகொண்டிருக்கிறார், நானே இறக்கினேன்" என்று இருக்கிறது. அன்றிரவு அந்த எண்காட்டியை அணைத்துவிட்டு, அவன் ஜாய்ஸ்டிக்கைச் செருகி, இரண்டரை மணி நேரப் பயணம் ஒன்றை முடித்தேன். நடுவில் இரண்டு முறை விக்கியிருக்கலாம்.

ஆர்டர் பட்டியலைக் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பு. உன் கணினி தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரே விமானத்தில் பறக்கலாம். 612-ஐ நீ இறக்கு, த்ராட்டில் என் கையில் இருக்கட்டும்.

உன்,
துணை விமானி

பி.கு.: எல்லாம் பூட்டிய பிறகு மானிட்டர் கேபிளை கார்டில் செருகு, மதர்போர்டில் செருகாதே. கணக்குப்பிள்ளை இரண்டு நாட்கள் அப்படி ஓட்டிவிட்டு, "நான் சொன்ன கார்டே சரியில்லை" என்று என்னிடம் வருத்தப்பட்டார்.