பாண் போறணைக்கு ஏற்ற பீட்சா

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரிலும் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கங்களிலும் பீட்சாக் கடைகள் பெருகி வருவதைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தக் கடையில் சீஸ் கூட, எந்தக் கடையில் இறைச்சி கூட என்றே அதில் தரம் பிரித்திருந்தார்கள். அந்த அளவுகோல் எனக்குச் சரியாகப் படவில்லை. பீட்சாவை ஆக்குவதும் கெடுப்பதும் அடியிலுள்ள மாவும் போறணையின் சூடும்தான். இவை இரண்டையும் நன்கு அறிந்தவர்கள் நம் ஊர்ப் பேக்கரிக்காரர்கள். அவர்களுக்காகவும், வீட்டில் செய்து பார்க்க விரும்புவோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலான கடைகள் இத்தாலியின் நாப்போலி நகரத்து வட்டப் பீட்சாவைப் பார்த்துச் செய்ய முயல்கின்றன. அந்த முறையைக் காக்க 1984இல் அங்கு தொடங்கிய சங்கத்தின் விதிகளைப் பார்த்தால் சிக்கல் விளங்கும். மா பிசையும்போது மா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் தவிர வேறெதுவும் சேர்க்கக்கூடாது. ஓர் உருண்டை 200 முதல் 280 கிராம். விறகுப் போறணையின் சூடு 430 முதல் 480 பாகை செல்சியஸ். வெந்து முடிய 60 முதல் 90 செக்கன். அந்தக் கடும் சூட்டில்தான் ஓரம் சட்டென்று உப்பி, உள்ளே ஈரம் நிற்கும். பாண் சுடும் சூடு 220 முதல் 250 பாகை வரைதான். அதே மாவை அதில் வைத்தால் ஏழெட்டு நிமிடம் எடுக்கும். அதற்குள் ஈரம் வற்றி ரஸ்க் போலாகிவிடும். இதைச் சமாளிக்க மாவில் சீனியும் மாஜரினும் பால்மாவும் சேர்க்கிறார்கள். கடைசியில் கிடைப்பது சீஸ் தடவிய பணிஸ்.

நம் போறணைக்குப் பொருந்துவது தட்டுப் பீட்சா. ரோமாபுரியில் நீளத் தட்டில் சுட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, நிறைக்கு விற்பார்கள். அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரத்தில் 1946 முதல் செய்யப்படுவது ஆழமான செவ்வகத் தட்டில் வேகும் தடித்த பீட்சா. சீஸைத் தட்டின் விளிம்பு வரை தூவுவதால் ஓரம் கருஞ்சிவப்பாகி மொறுமொறுக்கும். தக்காளிச் சோஸை மேலே கோடுகளாக இடுவார்கள். இரண்டும் 250 பாகையை ஒட்டிய சூட்டில் நன்றாக வரும். இரண்டில் எனக்குப் பிடித்தது டெட்ரோயிட் வகை. அந்த ஓரத்துண்டுக்காகவே சொல்கிறேன்.

அளவு இது. கோதுமை மா 1 கிலோ, தண்ணீர் 680 மில்லிலீற்றர், உப்பு 22 கிராம், உலர் ஈஸ்ட் 4 கிராம், எண்ணெய் 20 கிராம். சீனி வேண்டாம். நம் சூட்டுக்குத் தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும். மாரி காலத்தில் மா ஈரம் இழுத்திருக்கும். 40 மில்லிலீற்றரைப் பிடித்து வைத்துவிட்டு, தேவை பார்த்துக் கடைசியில் சேருங்கள். கையில் ஒட்டுகிறதென்று மேலும் மா தூவுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. பத்து நிமிடம் மூடி வைத்து, கையை நனைத்துக்கொண்டு நான்கு பக்கமும் இழுத்து மடியுங்கள். அரை மணிக்கு ஒரு தடவையாக மூன்று முறை செய்தால் ஒட்டல் குறைந்துவிடும். பிறகு 18 முதல் 24 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஈஸ்டை அள்ளிப் போட்டு ஒரு மணி நேரத்தில் பொங்க வைத்த மாவில் ஈஸ்ட் வாடைதான் முந்தும். மாவின் மணம் வருவதற்கு நேரம் வேண்டும்.

25க்கு 35 சென்ரிமீற்றர் தட்டு என்றால் இந்த மா மூன்று தட்டுக்குப் போதும். தட்டில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, மாவை நடுவிலிருந்து விரல் நுனியால் அமர்த்திப் பரப்புங்கள். மா பின்வாங்கினால் மல்லுக்கட்டாமல் 15 நிமிடம் விட்டுவிடுங்கள்; தானாக இளகிக் கொடுக்கும். மூடி வைத்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பொங்கியதும், மெல்லிய சோஸ் பூச்சோடு மட்டும் ஏழு நிமிடம் சுட்டு, வெளியே எடுத்து சீஸும் மற்றவையும் போட்டு இன்னும் ஆறேழு நிமிடம் சுட வேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் நடுவில் பச்சை மாவாக ஒரு படை நிற்கும். இங்கே வாங்கும் தடித்த பீட்சாக்களில் அடிக்கடி காணும் குறை இதுதான்.

விறகுப் போறணை உள்ளவர்களுக்கு ஒரு விடயம். தணலை வாரி எடுத்த பின், பாண் வைக்குமுன் சூடு இறங்கட்டும் என்று காத்திருப்பீர்களே, அந்த இடைவெளிதான் பீட்சாவுக்குரிய நேரம். பாண் சுட்டு முடித்த பிறகு பீட்சா வைத்தால் தளத்தில் சூடு போதாது. மேற்பக்கம் காய, அடிப்பக்கம் வெளிறிக் கிடக்கும். தளத்தில் ஒரு சிட்டிகை மா தூவிப் பாருங்கள். விழுந்ததும் கருகினால் பொறுங்கள். பத்துப் பதினைந்து செக்கனில் பழுப்பானால் தட்டை வைக்கலாம். வீட்டு ஓவனில் ஆகக்கூடிய சூட்டில், கனமான இரும்புத் தோசைக்கல்லைத் தலைகீழாக உள்ளே வைத்து முக்கால் மணி நேரம் காய வைத்து, அதன்மேல் தட்டை வைத்தால் அடி நன்றாகச் சிவக்கும்.

போத்தல் தக்காளிச் சோஸை அப்படியே பூசுவதை எல்லாக் கடைகளும் விட வேண்டும். அதிலுள்ள சீனி கருகும். வினாகிரி சீஸின் சுவையை அடிக்கும். சந்தைத் தக்காளியில் தண்ணீர் அதிகம் என்பதால் பிளந்து விதை நீக்கி, உப்புப் பிரட்டி அரை மணி நேரம் வடியவிட்டு, உள்ளியை எண்ணெயில் வாட்டி அதோடு சேர்த்துக் கெட்டியாகும் வரை வற்ற வையுங்கள். ஒரு தட்டுக்கு 150 கிராம் தாராளம்.

சீஸில்தான் நம் பிரதேசத்துக்கு உண்மையான வாய்ப்பு இருக்கிறது. தகர டின்னிலும் வில்லையாகவும் வரும் பதப்படுத்திய சீஸ் பசையாகும், இழுபடாது. செடார் மட்டும் போட்டால் எண்ணெய் கக்கும். மொசரெல்லா முக்கால் பங்கு, செடார் கால் பங்கு, தட்டுக்கு 200 கிராம் என்பது நல்ல கணக்கு. இத்தாலியின் கம்பானியாப் பகுதி எருமைப்பால் மொசரெல்லாவுக்கு 1996இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் பெயர்ப் பாதுகாப்பு இருக்கிறது. நம் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலோ எருமைப்பால் பெரும்பாலும் சட்டித் தயிராகவே சந்தைக்கு வருகிறது. அதே பாலில் மொசரெல்லா செய்ய முடியும். பசும்பாலைவிடக் கொழுப்பும் கல்சியமும் கூட என்பதால் திரள் இறுக்கமாக வரும்.

நான்கு லீற்றர் குளிர்ந்த பாலில், அரைக் கோப்பைத் தண்ணீரில் கரைத்த 7 கிராம் சித்திரிக் அமிலத்தைக் கலந்து 32 பாகைக்குச் சூடாக்க வேண்டும். பாலை உறைய வைக்கும் நொதியான ரெனெட்டைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்துச் சேர்த்துப் பத்து நிமிடம் அசைக்காமல் விட வேண்டும். குழாய்த் தண்ணீரின் குளோரின் ரெனெட்டைக் கெடுக்கும். உறைந்ததைத் துண்டமாக வெட்டி, 41 பாகை வரை மெதுவாகச் சூடாக்கி வடித்து, 80 பாகைத் தண்ணீரில் அமிழ்த்திப் பிசைந்து இழுக்க வேண்டும். இழுக்கும்போது அறுந்தால் சூடு போதவில்லை அல்லது புளிப்புப் போதவில்லை. தூள்தூளாக உதிர்ந்தால் பாலை முன்பே கொதிக்க வைத்திருக்கிறார்கள். கிருமி நீக்க 63 பாகையில் அரை மணி நேரம் வைத்தாலே போதும், கொதிக்க விடக்கூடாது. ரெனெட் வாங்கும்போது நுண்ணுயிரியிலிருந்து எடுத்ததைக் கேட்டு வாங்குங்கள். கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் வகையும் உண்டு. காத்தான்குடியில் ஹலால் பார்ப்பவருக்கும் சைவம் உண்பவருக்கும் நுண்ணுயிர் வகையே பொது. செய்த சீஸை ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்து, வெட்டித் துணியில் ஒரு மணி நேரம் வடியவிட்ட பின்பே பீட்சாவில் போடுங்கள். இல்லாவிட்டால் தட்டு முழுக்கத் தண்ணீர் நிற்கும்.

மேலே போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; இரண்டு பொருள், கூடினால் மூன்று. வாவி இறாலை முன்பே வேக வைத்தால் இறப்பராகும். பச்சையாக, ஈரம் துடைத்து, உள்ளியும் இடித்த மிளகாயும் எண்ணெயும் பிரட்டி, இரண்டாம் முறை போறணைக்குள் போகும்போது வையுங்கள். கணவாயை மெல்லிய வளையமாக வெட்டி, கடைசி நான்கு நிமிடத்துக்குப் போட்டால் போதும். மீன், இறால் வைக்கும்போது சீஸைப் பாதியாக்குங்கள். சிசிலித் தீவின் தட்டுப் பீட்சாவில் வெங்காயமும் உப்பிட்ட நெத்தலி வகை மீனும் பாண் தூளும் போடுவார்கள். நம் நெத்தலிக் கருவாட்டை ஊறவைத்து, உப்புப் போகக் கழுவி, வதக்கிய வெங்காயத்தோடு தூவினால் அந்தச் சுவைக்குக் கிட்ட வரும். கோழிக்கறியானால் குழம்பை முழுதாக வற்ற வைத்த பிறகே போட வேண்டும். அன்னாசியைப் பலர் பழிப்பார்கள். துண்டுகளைத் தாச்சியில் சிவக்க வாட்டிப் போட்டால் கறிமிளகாயோடு நன்றாகவே சேரும். மயோனெஸ் கோடு போடுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். மாவின் குறையை மறைக்கத்தான் அது உதவுகிறது.

எங்கே சாப்பிடுவது என்று கேட்பவர்களுக்கு: அறுகம்குடாவில் சித்திரை முதல் ஐப்பசி வரையான அலைச்சறுக்குப் பருவத்தில் வெளிநாட்டவருக்காக விறகுப் போறணை மூட்டும் இடங்கள் இருக்கின்றன, நாப்போலி வகையை அங்கே தேடுங்கள். மற்ற ஊர்களில் கடையின் பெயரைவிட மாவைக் கவனியுங்கள். மா அன்றாடம் பிசைவதா, உறைந்த தட்டையா என்று கேளுங்கள். முதல் தடவை தக்காளியும் சீஸும் மட்டுமுள்ளதைக் கேட்டு வாங்கி, ஒரு துண்டைத் தூக்கி அடியைப் பாருங்கள். புள்ளி புள்ளியாகச் சிவந்திருந்தால் அடுத்த முறை விரும்பியதை வாங்கலாம். ஒரே வெளிறலாக இருந்தால் வேறு கடை பாருங்கள்.

கல்லடிப் பாலம் தாண்டி வீட்டுக்குக் கொண்டுபோவதென்றால் பெட்டியின் மூடியை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள்; மூடிய பெட்டியில் ஆவி அடியை நனைத்துவிடும். ஆறியதைச் சூடாக்க மைக்ரோவேவ் வேண்டாம். தோசைக்கல்லில் மெல்லிய தீயில் மூன்று நிமிடம் வைத்து, ஓரத்தில் நாலைந்து துளி தண்ணீர் தெளித்து மூடி, இன்னும் ஒரு நிமிடம் விட்டால் அடி மொறுமொறுத்து சீஸ் இளகிவிடும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.