ஆட்டிசத்தை யாரிடம் உறுதிசெய்வது?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமல், பொம்மைக் காரின் சக்கரத்தையே மணிக்கணக்கில் சுழற்றிக்கொண்டிருந்த என் மகனைப் பார்த்து, 'ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசுவான்' என்று மருத்துவர்கள் சொல்லியனுப்பியதில் ஒன்றரை ஆண்டு வீணானது. காது கேட்கிறதா என்றுகூட எவரும் சோதிக்கவில்லை. ஆட்டிசம் என்பது பேச்சையும் பிறருடன் பழகுவதையும் பாதிக்கும் மூளை வளர்ச்சி வேறுபாடு; அதை உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தை வளர்ச்சி மருத்துவர், குழந்தைகள் மனநல மருத்துவர், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளர் போன்றோர் குழந்தையுடன் விளையாடிப் பார்த்தும், பெற்றோரிடம் விரிவாகக் கேட்டறிந்துமே முடிவுக்கு வர வேண்டும். பத்து நிமிடத்தில் முடிவு சொல்லி, அன்றே பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்லும் இடங்களைப் பெற்றோர் தவிர்க்க வேண்டும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும், அரசு மருத்துவமனைகளில் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து உதவும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையங்களும் இருப்பதை அங்கன்வாடிச் சுவர்களிலேனும் அரசு எழுதிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாய், விழுப்புரம்.