செரட்டோனினை விட்டுவிட்டீர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

குடிநோய் பற்றிய உங்கள் கட்டுரை, மூளையில் இன்ப உணர்வைத் தூண்டும் வேதிப்பொருளான டோபமினோடு நின்றுவிட்டது. மனநிலையோடு தொடர்புள்ள இன்னொரு மூளை வேதிப்பொருளான செரட்டோனினுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. அது வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் (செல்களில் உள்ள புரதங்கள்) சுமார் 14 வகை. அவற்றில் 5-எச்டி3 என்ற வகை மட்டும் அயனிகளை (மின்னூட்டம் கொண்ட துகள்களை) உள்ளே விடும் வாயில்போல வேலை செய்கிறது. மது இந்த ஏற்பியின் செயலை முடுக்கிவிடுகிறது. இதை அடைத்தால், மதுவால் கூடும் டோபமின் குறைவதை விலங்கு ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள்.

வாந்தியை நிறுத்தத் தரும் ஒண்டான்செட்ரான் அடைப்பது இதே ஏற்பியைத்தான். ஆமாம், குழந்தை வாந்தி எடுத்தால் டாக்டர் எழுதித் தருவாரே, அதேதான். மனநல மருத்துவர் பேங்கோல் ஜான்சன் குழுவினர் அமெரிக்காவின் டெக்சாஸில் இந்த மருந்தை 271 குடிநோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2000-ல் வெளியானது. 25 வயதுக்குள் குடிநோய்க்கு ஆளானவர்கள் மிகச் சிறிய அளவு மருந்திலேயே குடியைக் குறைத்தார்கள். பிந்தித் தொடங்கியவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை.

சரி, செரட்டோனினை ஏற்றிவிட்டால் போதுமா என்றால் அதுவும் இல்லை. செரட்டோனினைக் கூட்டும், மனச்சோர்வுக்குத் தரும் ஃபுளுவாக்ஸெட்டினைக் குடிநோயாளிகளிடம் சோதித்து 1996-ல் வெளியான ஆய்வில், இளவயதிலேயே தொடங்கி முற்றிய வகையினருக்கு வெற்று மாத்திரையைவிட மோசமான பலனே கிடைத்தது.

இத்தனை இருந்தும் 'மனசு வைத்தால் விட்டுவிடலாம்' என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். போதாததற்கு, 'குடியை நிறுத்தும் மருந்தை அவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்ற விளம்பரங்கள் வேறு! ஒண்டான்செட்ரானுக்கும் குடிநோய் மருந்தாக அமெரிக்காவில் இன்னும் ஒப்புதல் இல்லை. யாரும் தாமாக வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். அடுத்த முறை மனநல மருத்துவர் ஒருவரிடம் கேட்டு, குடி தொடங்கிய வயதைப் பொறுத்துச் சிகிச்சை எப்படி மாறுகிறது என்று விரிவாக எழுதுங்கள்.

- ஒரு வாசகர், மதுரை